காசு குறைந்த கல்லூரி ஃபுட்பால் அணி பெரிய அணியை எதிர்த்து நிற்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஃபுட்பால்? யார் சின்ன அணி?

முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். முன்னேறினால் மறுபடி நான்கு டவுன் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், 6 புள்ளி. தாண்ட முடியாத தூரத்தில் நின்றுவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அது ஃபீல்டு கோல். அதற்கும் எட்டாத தூரம் என்றால் பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துத் தள்ளுவார்கள், அது பன்ட்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் முதல் டிவிஷனுக்குள்ளேயே எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். என்று இரண்டு அடுக்கு. மேலடுக்கான எஃப்.பி.எஸ்.ஸிலும் எஸ்.இ.சி., பிக் டென், பிக் 12, ஏ.சி.சி. ஆகிய நான்கு கான்ஃபரன்ஸ்கள்தான் (கல்லூரிகள் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புகள்) பண்ணையார்கள். சன் பெல்ட், மிட் அமெரிக்கன், மவுண்டன் வெஸ்ட் போன்றவை அவற்றுக்குக் கீழே. இந்தக் கீழ்க் கான்ஃபரன்ஸ்களையும் எஃப்.சி.எஸ். முழுவதையும்தான் இங்கே சின்ன அணி என்கிறோம்.

வித்தியாசம் உண்மையில் எவ்வளவு?

எஸ்.இ.சி. 2023-24 கணக்கில் தன் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது தலைக்குச் சராசரியாக 5 கோடியே 25 லட்சம் டாலர். மிட் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் கல்லூரி ஒன்றுக்கு டிவி உரிமையில் வருவது ஆண்டுக்கு 10 லட்சம் டாலரைக்கூடத் தொடுவதில்லை.

2025 ஜூலை 1 முதல் இன்னொரு கதவும் திறந்தது. கல்லூரி வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றதால் கல்லூரியே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு, எல்லா விளையாட்டும் சேர்த்து, சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். பெரிய கல்லூரிகள் அந்த வரம்பை முட்டிக்கொண்டு நிற்கின்றன. சின்ன கல்லூரிகள் பலவற்றுக்கு விளையாட்டுத் துறையின் மொத்தச் செலவே அதைப்போல ஒன்றரை, இரண்டு மடங்குதான். அதற்குள்தான் பயிற்சியாளர் சம்பளம், பஸ், விமானம், உதவித்தொகை எல்லாம்.

ஆக, பணத்தில் எட்டிப் பிடிக்கும் பேச்சே வேண்டாம். எந்த இடத்தில் பணம் குறைவாக வேலை செய்கிறது என்று தேடுவதுதான் வேலை.

அப்படி ஓர் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. பெரிய அணி 105 பேரை வைத்துக்கொள்ளலாம்; களத்தில் நிற்பது 11 பேர்தான். ஆட்டம் 60 நிமிடம், பந்து ஒன்று. ஓர் ஆட்டத்தில் ஒவ்வொரு அணிக்கும் சுமார் 12 முறை பந்து கையில் வரும். இந்த எண்ணிக்கையைக் குறைத்தால் அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். பத்து முறை சீட்டுக் குலுக்கினால் கெட்டிக்காரன் ஜெயிப்பான். இரண்டே முறை என்றால் யாரும் ஜெயிக்கலாம்.

ஆனால் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் பலர் இதை மந்திரம் போலச் சொல்கிறார்கள். ஓர் எளிய கணக்கு. பெரிய அணி பந்து கிடைக்கும்போதெல்லாம் நூற்றுக்கு 40 முறை டச் டவுன் போடுகிறது, சின்ன அணி 30 முறை போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 12 வாய்ப்பு என்றால் சின்ன அணி ஜெயிக்கும் சாத்தியம் நூற்றுக்குச் சுமார் 30. வாய்ப்பை 8 ஆகச் சுருக்கினால் சுமார் 34. அவ்வளவுதான், நாலு புள்ளி லாபம். அதே 8 வாய்ப்பில் சின்ன அணி தன் 30-ஐ 35 ஆக உயர்த்திக்கொண்டால் சாத்தியம் 42-ஐ நெருங்கிவிடுகிறது.

கடிகாரத்தைத் தின்பது மட்டும் காப்பாற்றாது. அதோடு நான்காவது டவுன், உதைக்கும் ஆட்டம், எதிரணி பழகாத ஆட்டமுறை என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேர்த்தால்தான் தேறும்.

பந்தைக் கையில் வைத்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன செய்ய வேண்டும்?

ஒரு டவுன் முடிந்து அடுத்ததைத் தொடங்க 40 வினாடி தருவார்கள். அவசரக்கார அணி 20 வினாடி மிச்சம் இருக்கும்போதே பந்தை எடுத்துவிடும். நீங்கள் 5 வினாடி மிச்சம் இருக்கும்வரை காத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் 15 வினாடி உங்கள் கணக்கில் கழியும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும் டவுன்கள் 40 கிடைத்தால் 10 நிமிடம் காணாமல் போகும். வீசிய பாஸை யாரும் பிடிக்காமல் தரையில் விழுந்தால் கடிகாரம் நிற்கும் என்பதால் ஓட்டமும் குறுகிய பாஸும்தான் இதற்குத் தோது. 2023-லிருந்து இன்னொரு வசதி: முதல் டவுன் எடுத்தாலும், ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் தவிர, கடிகாரம் நிற்காது.

2022 செப்டம்பர் 10. அப்பலாச்சியன் ஸ்டேட், டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மைதானத்துக்குப் போய் 17-14 என்று ஜெயித்தது. ஏ அண்ட் எம் அப்போது தரவரிசையில் 6-வது இடத்தில் இருந்த அணி. அப்பலாச்சியன் 82 டவுன் ஆடி 41 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்தது. ஏ அண்ட் எம்முக்குக் கிடைத்தது 38 டவுன். கோடிக்கணக்கில் கொட்டிச் சேர்த்த வேகக்காரர்கள் பாதி நேரம் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னும் சுத்தமான உதாரணம் 2013-ல் எஃப்.சி.எஸ். அணியான நார்த் டகோட்டா ஸ்டேட், கான்சஸ் ஸ்டேட்டை 24-21 என்று வென்றது. கடைசித் தாக்குதலில் 18 டவுன், 80 யார்டு, எட்டரை நிமிடம். டச் டவுன் விழுந்தபோது மிச்சம் 28 வினாடி.

எங்கே கெட்டுப்போகும்? முதல் கால் பகுதியிலேயே 14 புள்ளி பின்தங்கினால் மெதுவான ஆட்டம் உங்களுக்கே விஷம். அவசர ஆட்டத்தை வாரத்துக்கு ஒரு நாள் 10 நிமிடமாவது பழகாத அணி அப்போது தடுமாறும். இன்னொன்று, 5 வினாடிக்குக் காத்திருக்கும்போது எதிரணி உங்கள் சைகையைப் படித்து ஆள் மாற்றி நிற்க அவகாசம் கிடைக்கிறது. அதனால் இரண்டு ஆட்டத் திட்டங்களைச் சேர்த்துச் சொல்லி, கடைசி 8 வினாடியில் குவார்ட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துபவன்) ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.

எந்த ஆட்டமுறை சின்ன அணிக்கு ஏற்றது?

ஊரில் எல்லோரும் ஆடுவதை ஆடாதீர்கள். எல்லோரும் ஆடும் முறைக்கு ஏற்ற ஆட்களைப் பெரிய அணிகள் முதலில் அள்ளிவிடும், மிச்சத்தில்தான் உங்களுக்கு. அரிதான முறை என்றால் அதற்கு ஏற்ற ஆளை யாரும் தேடுவதில்லை, கூட்டமில்லாத கடையில் வாங்குவது போல.

ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரிகள் நெடுங்காலம் ஆடிய டிரிப்பிள் ஆப்ஷன் இதற்குப் பாடப்புத்தகம். அங்கே 140 கிலோ ஆட்கள் கிடைக்க மாட்டார்கள். ராணுவத்துக்கு உடல் எடை விதி உண்டு. அதனால் எதிரணியின் இரண்டு தடுப்பாட்டக்காரர்களைத் தடுக்கவே முயலாமல் விட்டுவிடுவார்கள். முதல் ஆள் நடுவில் ஓடுபவன்மேல் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொள்வான். வெளியே நின்றால் நடுவில் கொடுத்துவிடுவான். அடுத்த ஆள் குவார்ட்டர்பேக்மேல் பாய்ந்தால் பக்கத்தில் ஓடிவருபவனுக்குப் பந்து கைமாறும். தடுக்க வேண்டிய இரண்டு பேர் மிச்சமானதால் வேறு இடத்தில் இரண்டு பேர் கூடுதலாகத் தடுக்கலாம். பருமனை வெறும் கணக்கால் ஈடுகட்டுகிற வித்தை.

எதிரணியின் கஷ்டம் இன்னொரு பக்கம். ஆட்டத்துக்குத் தயாராக அவர்களுக்குச் செவ்வாயிலிருந்து வியாழன் வரை மூன்று நாள்தான். அந்த மூன்று நாளில் ஆப்ஷனை அதே வேகத்தில் ஆடிக்காட்ட அவர்களுடைய இரண்டாம் வரிசை ஆட்களுக்குத் தெரியாது. 2018-ல் ஆர்மி, ஓக்லஹோமா மைதானத்தில் 44 நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்து ஆட்டத்தைக் கூடுதல் நேரம்வரை இழுத்தது. 28-21 என்று தோற்றார்கள்தான். ஆனாலும் அந்த ஓக்லஹோமா அணி அந்தப் பருவத்தில் தேசியப் பட்டத்துக்கான நாலு அணி ப்ளேஆஃபுக்குப் போன அணி.

குறைகள்: இடுப்புக்குக் கீழே தடுப்பதை 2022 விதி கடுமையாகக் கட்டுப்படுத்தியது, பழைய ஆப்ஷனின் பாதி உயிர் அதில்தான் இருந்தது. குவார்ட்டர்பேக் ஆட்டத்துக்கு 20 முறை அடி வாங்குவான், ஆகவே தயாரான இரண்டாமவன் கட்டாயம் வேண்டும். பெரும் இடைவெளியில் பின்தங்கினால் வேகமாக ஈடுகட்ட வழியில்லை. சுத்த ஆப்ஷனைவிட, ஆப்ஷனை அகலமாக விரிந்து நிற்கும் அமைப்போடு கலப்பது இப்போது நல்லது. 2020-ல் கோஸ்டல் கரோலினா அப்படித்தான் ஆடி, சில நாள் அவகாசத்தில் ஏற்பாடான ஆட்டத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தை (பி.ஒய்.யு.) 22-17 என்று வென்றது. அந்தக் கல்லூரி ஃபுட்பால் தொடங்கியதே 2003-ல்தான்.

எதிர்த்திசையில் ஏர் ரெய்டு. 1989-ல் ஐயோவா வெஸ்லியன் என்ற குட்டிக் கல்லூரியில் ஹால் மம்மியும் மைக் லீச்சும் வளர்த்தெடுத்தது. சொற்ப எண்ணிக்கையில் பாஸ் ஆட்டங்களை வைத்துக்கொண்டு அவற்றையே ஆயிரம் முறை ஆடிப் பழகுவது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் தடுப்பு வரிசை ஆட்களை அகலமாக நிறுத்தி, பாய்ந்து வருபவன் ஓட வேண்டிய தூரத்தைக் கூட்டுவது. கனத்த புத்தகம் அளவு ஆட்டத் திட்டம் வைத்திருக்கும் சின்ன அணிகளைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். வாரத்துக்கு 20 மணி நேரம் மட்டுமே பயிற்சிக்கு அனுமதி. அதில் நூறு ஆட்டங்களை அரைகுறையாகக் கற்பதைவிட இருபதைத் தூக்கத்திலும் ஆடலாம்.

நான்காவது டவுனில் உதைக்காமல் துணிந்து ஆடலாமா?

பெரும்பாலும் ஆடலாம். 1 யார்டு மட்டுமே தேவை என்றால் மூன்றில் இரண்டு முறையாவது கிடைத்துவிடும். ஆட்டத்தின் பதற்றத்தில் யோசிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமையே அட்டை எழுதி வைத்துவிடுங்கள். சொந்தப் பக்கத்து 40 யார்டுக் கோட்டைத் தாண்டிவிட்டோம், 1 யார்டு வேண்டும்: ஆடு. எதிரணிப் பக்கத்து 40-க்கும் 30-க்கும் நடுவே இருக்கிறோம், 3 யார்டுவரை வேண்டும்: ஆடு. அந்த இடத்திலிருந்து பன்ட் உதைத்தால் கடைசிக் கோட்டைத் தாண்டிப் போய் வீணாகும். ஃபீல்டு கோல் என்றால் நிற்கும் கோட்டோடு 17 யார்டு கூட்டிக்கொள்ள வேண்டும். 35-லிருந்து உதைத்தால் அது 52 யார்டு உதை. கல்லூரி உதையாளர்களில் அதை நம்பி அனுப்பக்கூடியவர்கள் கொஞ்சம்தான்.

பலருக்கு இன்னும் நம்பிக்கை வராத கணக்கு ஒன்று உண்டு. கடைசிக் கட்டத்தில் 14 புள்ளி பின்தங்கி, டச் டவுன் போட்டு 8 ஆக்கிவிட்டீர்கள். டச் டவுனுக்குப் பின் கூடுதல் புள்ளிக்கு ஒரு வாய்ப்பு உண்டு, வழக்கமாக 1 புள்ளிக்கு உதைப்பார்கள். உதைக்காமல் மறுபடி கோட்டைத் தாண்டி 2 புள்ளிக்குப் போங்கள். கிடைக்கும் சாத்தியம் நூற்றுக்கு 45 என்று வைப்போம். கிடைத்தால் அடுத்த டச் டவுனும் உதையும் சேர்ந்து வெற்றி. கிடைக்காவிட்டால் அடுத்த முறையும் 2-க்குப் போய்ச் சமன் செய்யலாம். இரண்டு டச் டவுனும் விழுகிறது, எதிரணி புள்ளி எடுக்கவில்லை என்று கொண்டால் நூற்றுக்கு 45 வெற்றி, சுமார் 25 சமன், 30 தோல்வி. சமனில் பாதி உங்களுக்கு என்றால் மொத்தம் 57. இரண்டு முறையும் 1 புள்ளி உதைத்தால் 50. கூடுதல் நேரத்தில் ஆள்பலம் பெரிய அணிக்குத்தான் என்பதால் உண்மை வித்தியாசம் இன்னும் கூடவே இருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆர்கன்சாவில் பன்ட் உதைப்பதையே கிட்டத்தட்ட நிறுத்தி உயர்நிலைப் பள்ளி அணியைப் பல முறை சாம்பியனாக்கிய கெவின் கெல்லி, 2021-ல் பிரெஸ்பிடீரியன் கல்லூரிக்கு வந்தார். முதல் இரண்டு ஆட்டத்தில் 84, 68 என்று புள்ளி குவிந்தது. எதிரே இருந்தவை பலவீனமான அணிகள். தன் தரத்து அணிகள் வந்ததும் சரிந்து, பருவம் 2-9 (2 வெற்றி, 9 தோல்வி) என்று முடிந்தது. அந்த ஓர் ஆண்டோடு அவர் விலகினார். ஆள் தேறாத இடத்தில் கணக்கு மட்டும் என்ன செய்யும்?

உதைக்கும் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மலிவு என்பதால். ஒரு நல்ல குவார்ட்டர்பேக்கின் விலையில் உதையாளர், பன்ட் ஆள், பந்தைப் பின்னால் வீசும் ஆள் மூவரையும் எடுத்துவிடலாம். ஆஸ்திரேலியாவில் அவர்கள் ஊர் ஃபுட்பாலில் உதைத்துப் பழகியவர்களைப் பன்டராகத் தேற்றி அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பவே மெல்போர்னில் புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சிக்கூடம் இருக்கிறது. ஓடிக்கொண்டே எந்தப் பக்கமும் உதைப்பார்கள். எதிரணிக்கு நின்று பிடிக்க நேரம் கிடைக்காது.

அளந்து பார்க்க ஸ்டாப்வாட்ச் போதும். ஃபீல்டு கோலில் பந்து கிளம்பியதிலிருந்து கால் படும்வரை 1.3 வினாடி. எதிரணி 1.4 எடுக்கிறது என்று வீடியோவில் தெரிந்தால் உதையைத் தடுக்க ஓரத்திலிருந்து ஆள் அனுப்புங்கள். உதை தாழ்வாகப் போகிறது என்றால் நடுவில் மூன்று உயரக்காரர்களை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போய்க் கையைத் தூக்கச் சொல்லுங்கள். பன்ட் என்றால் மொத்தம் 2.1 வினாடிக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் சொந்த ஆளைக் களத்தில் இறக்காதீர்கள்.

2007 செப்டம்பர் 1-ல் அப்பலாச்சியன் ஸ்டேட், 5-வது இடத்திலிருந்த மிச்சிகனை 34-32 என்று சாய்த்தது. கடைசி நொடி ஃபீல்டு கோலைக் கோரி லின்ச் தடுத்தார். 2024 செப்டம்பர் 7-ல் நார்தர்ன் இல்லினாய், அதேபோல 5-வது இடத்திலிருந்த நோட்டர் டேமை 16-14 என்று வென்றது. 31 வினாடி இருக்கையில் 35 யார்டு உதை உள்ளே போனது. கடைசியில் நோட்டர் டேம் உதைத்த 62 யார்டு உதை தடுக்கப்பட்டது. அன்றைக்கு அவர்கள் தடுத்த இரண்டாவது உதை அது. அதே நோட்டர் டேம்தான் அந்தப் பருவத்தில் தேசிய இறுதி ஆட்டம்வரை போனது.

ஆள் எடுப்பு எப்படி?

வரைபடத்தில் 300 மைல் வட்டம் போட்டு அதற்குள் இருக்கும் ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளரையும் ஆண்டுக்கு இரண்டு முறை நேரில் பாருங்கள். ஃப்ளோரிடாவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் விமானத்தில் பறந்து, பெரிய அணி கழித்துவிட்ட ஆளைப் பிடித்து வருவது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதை. அந்தப் பையன் முதல் குளிரிலேயே ஊரை நினைத்து ஏங்குவான்.

நட்சத்திர மதிப்பீட்டைப் பார்க்காதீர்கள். அதைப் பார்த்தால் விலை ஏறிய ஆள்தான் கண்ணில் படுவான். பார்க்க வேண்டியவை வேறு. மல்யுத்தத்தில் மாநிலப் போட்டிக்குப் போன 105 கிலோ ஆள். கூடைப்பந்தில் துள்ளிப் பிடிக்கும், ஆனால் அதில் கல்லூரி வாய்ப்புக்கு இரண்டு அங்குலம் குட்டையான ஆள். கடைசி ஆண்டில் திடீரென வளர்ந்தவன். அப்பா அம்மா உயரம், மணிக்கட்டுப் பருமன், காலணி அளவு பார்த்தால் இன்னும் வளருவானா என்று ஓரளவு சொல்லிவிடலாம். பள்ளி எழுதிக் கொடுக்கும் உயரத்தை நம்ப வேண்டாம், இரண்டு அங்குலம் கூட்டியே இருக்கும். ஜூன் மாத முகாமுக்கு வரவழைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி அளவுகோலில் நிறுத்துங்கள்.

ஹவுஸ் சமரசத்தின் 105 பேர் வரம்பு உங்களுக்கு ஒரு கொடை. முன்பு பெரிய கல்லூரிகள் உதவித்தொகை இல்லாமல் 30, 40 பேரைக் கூடுதலாக வைத்திருந்தன. வரம்புக்குள் வந்த கல்லூரிகளில் அந்த இடம் சுருங்கிவிட்டது. பெயருக்காகப் பெரிய கல்லூரியின் பெஞ்சில் உட்காரத் தயாராக இருந்த உள்ளூர்ப் பையன் இப்போது உங்கள் போனை எடுப்பான்.

எடுத்த ஆளை வளர்ப்பதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும்?

தடுப்பு வரிசைக்கு மூன்று ஆண்டு. குறுக்குவழி கிடையாது. நார்த் டகோட்டா ஸ்டேட்டுக்குக் கோடி மாக் என்பவர் உதவித்தொகை இல்லாமல், சுமார் 220 பவுண்டு எடையில் டைட் எண்டாக (தடுக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) வந்தார். ஆண்டுக்கணக்கில் தின்றும் தூக்கியும் 300 பவுண்டைத் தாண்டி, தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளாக மாறி, 2023-ல் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். ஆள் எடுக்கும் டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் போனார். அந்தக் கல்லூரி 2011 முதல் 2021 வரையான பருவங்களில் ஒன்பது எஃப்.சி.எஸ். பட்டம் வென்றதன் ரகசியம், இருந்தால், இதுதான்: 22, 23 வயது ஆட்களை எதிரணியின் 19 வயதுக்காரர்கள்மேல் மோதவிடுவது.

செய்முறை எளிது, செலவுதான் பலர் தவறான இடத்தில் செய்வது. எடை கூட வேண்டிய ஒருவனுக்குத் தினமும் தேவைக்கு மேல் 500 கலோரி. வாரத்துக்கு அரை கிலோவுக்குக் கிட்ட ஏறும். வேகமாக ஏற்றினால் கொழுப்புதான் ஏறும், முழங்கால் போகும். இரவு 9 மணிக்குச் சாண்ட்விச்சும் பாலும் கொடுக்க ஆள் வேண்டும். பளிங்கு வைத்த லாக்கர் அறை கட்டுவதற்கு முன் ஒரு முழுநேர உணவு நிபுணரை வையுங்கள். முதல் ஆண்டு மாணவனை நான்கு ஆட்டம்வரை இறக்கினாலும் அவனுக்கு அந்த ஆண்டு கணக்கில் கழியாது என்ற 2018 விதியைப் பயன்படுத்தி, பருவக் கடைசியில் அவனைப் பழக்குங்கள்.

வளர்த்த ஆளைப் பெரிய அணி கொத்திக்கொண்டு போனால்?

போகத்தான் செய்யும். இன்றைய தேதியில் சின்ன அணியின் மிகப் பெரிய தலைவலி இதுவே. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது. 2021-ல் ஒரு முறை மாறினால் ஓர் ஆண்டு உட்கார வேண்டாம் என்றார்கள். 2024-ல் படிப்பு சரியாக இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். இப்போது பெயர் பதிய ஆண்டுக்கு ஒரே காலம்தான். 2026-ல் அது ஜனவரி 2 முதல் 16 வரை.

நியூ மெக்ஸிகோ ஸ்டேட்டைப் பாருங்கள். நெடுங்காலம் கடைசி வரிசையில் கிடந்த அணி. ஜெர்ரி கில் பயிற்சியில், யாரும் சீந்தாத குவார்ட்டர்பேக் டியேகோ பவியாவை வைத்துக்கொண்டு, 2023 நவம்பரில் ஆபர்ன் மைதானத்தில் 31-10 என்று வென்றது. ஆபர்ன் அந்த ஆட்டத்துக்காக அவர்களுக்குக் கொடுத்தது 18 லட்சத்து 50 ஆயிரம் டாலர். அடுத்த ஆண்டு கில்லும் பவியாவும் வாண்டர்பில்ட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே முதலிடத்திலிருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தினார்கள், 42 நிமிடம் பந்தை வைத்திருந்து. நியூ மெக்ஸிகோ ஸ்டேட் அந்தப் பருவத்தில் 3-9.

தடுக்க முடியாது, நஷ்டத்தைக் குறைக்கலாம். பணம் கொடுக்கும் ஒப்பந்தத்தில், காலத்துக்கு முன் போனால் புதிய கல்லூரி ஈடு தர வேண்டும் என்ற விதி இருக்கட்டும். இருக்கிற கொஞ்சப் பணத்தை 60 பேருக்குத் தூவாமல் குவார்ட்டர்பேக், இடது டேக்கிள், எதிர்க் குவார்ட்டர்பேக்கைத் துரத்துபவன் என்று நாலைந்து பேர்மேல் குவியுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பெயர் எழுதிய பலகை அக்டோபரிலேயே தயாராக இருக்க வேண்டும். டிசம்பரில் தேடத் தொடங்கினால் மிஞ்சியதுதான். போர்ட்டலிலிருந்து எடுப்பவர்கள் அணியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் ஒருவரை ஒருவர் தெரியாத கூட்டமாகிவிடும். பந்து பிடிப்பவன், ஓடுபவன், ஓரத்தில் காப்பவன் போன்றவர்களைப் போர்ட்டலில் வாங்கலாம். தடுப்பு வரிசையை வீட்டிலேயே வளர்ப்பது மேல்.

பயிற்சியாளரும் போய்விடுவாரே?

போவார். அதற்கும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் கல்லூரி தொடர்ந்து மூன்று முறை கீழ்நிலையில் தலைமைப் பயிற்சியாளராக வென்று காட்டியவரையே எடுத்தது: சிட்டாடலிலிருந்து மைக் ஹூஸ்டன், ஈலானிலிருந்து கர்ட் சிக்னெட்டி, ஹோலி கிராஸிலிருந்து பாப் செஸ்னி. சிக்னெட்டி 2023 முடிவில் இண்டியானாவுக்குப் போனபோது 13 வீரர்கள் அவரோடு போனார்கள். இரண்டே ஆண்டில், 2025 பருவத்தில், ஜேம்ஸ் மேடிசன் ப்ளேஆஃபில் இருந்தது. பெரிய அணியில் துணைப் பயிற்சியாளராகப் பெயர் எடுத்தவரைப் பளபளப்புக்காக எடுக்கும் கல்லூரிகள் இதைக் கவனிப்பதில்லை. அவர் குறைந்த பணத்தில் அணி நடத்திப் பார்த்ததே இல்லை.

காசுக்கு ஆடும் ஆட்டங்கள் தேவையா?

பெரிய அணி தன் மைதானத்தில் லேசாக ஒரு வெற்றி வேண்டும் என்று சின்ன அணிக்குப் பணம் கொடுத்து அழைப்பது வழக்கம். மிச்சிகன் 2007-ல் கொடுத்தது 4 லட்சம் டாலர். நோட்டர் டேம் 2024-ல் 14 லட்சம். தேவைதான், பலருக்குப் பட்ஜெட்டே இதில்தான் ஓடுகிறது.

பருவத்துக்கு ஒன்று போதும். இரண்டை அடுத்தடுத்த வாரம் வைக்கவே கூடாது. சவன்னா ஸ்டேட் 2012-ல் அப்படி வைத்து ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 55-0 என்று வாங்கியது. இரண்டாவது ஆட்டம் மூன்றாம் கால் பகுதியில் இடி மின்னலால் நின்றதால்தான் அதோடு போயிற்று. கிடைத்தது மொத்தம் 8 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அந்தக் கல்லூரி 2019-ல் இரண்டாம் டிவிஷனுக்கே திரும்பிவிட்டது.

தேதி பேரம் பேசும்போது முதல் அல்லது இரண்டாம் வாரத்தைக் கேளுங்கள். பெரிய அணியின் புதிய ஆட்கள் அப்போது இன்னும் பழகியிருக்க மாட்டார்கள். நீங்கள் கோடை முழுவதும் அந்த ஓர் ஆட்டத்துக்குத் தனியாக வீடியோ பார்த்திருக்கலாம்.

கல்லூரிக் கட்டண ரசீதில் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கிறதே?

பிள்ளையை அமெரிக்காவில் படிக்கவைக்கும் பெற்றோர் அடிக்கடி கேட்பது. டிவி பணம் இல்லாத கல்லூரிகளில் விளையாட்டுத் துறையின் பெரும்பங்கு மாணவர் கட்டணத்திலிருந்துதான் வருகிறது. ஜேம்ஸ் மேடிசனும் இப்படித்தான். ஆட்டம் பார்க்காவிட்டாலும் கட்டியே ஆக வேண்டும். சேருமுன் கட்டண விவரத்தில் அந்த வரியைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். இது நியாயமா என்ற சண்டை அங்கே ஓயவில்லை.

ப்ளேஆஃபுக்குப் போனால் என்ன நடக்கிறது?

நாலு அணி ப்ளேஆஃப் 2024-ல் 12 அணி ஆனது. முதல் ஆண்டு போய்சி ஸ்டேட் 3-வது இடம் பெற்று நேரடியாகக் காலிறுதிக்குப் போய், பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றது. 2025 பருவத்தில் டுலேன், ஜேம்ஸ் மேடிசன் இரண்டும் உள்ளே வந்தன. டுலேன் ஓல் மிஸ்ஸிடம் 41-10, ஜேம்ஸ் மேடிசன் ஒரெகானிடம் 51-34. ஒரு சனிக்கிழமை ஜெயிக்க உதவும் வித்தைகள் நாள்கணக்கில் வீடியோ பார்த்துத் தயாரான பெரிய அணியிடம் பாதிதான் பலிக்கின்றன.

எஃப்.சி.எஸ்.ஸில் நன்றாக ஆடுகிறோம். மேலே ஏறலாமா?

எஃப்.பி.எஸ்.ஸில் நுழைய விண்ணப்பக் கட்டணம் 5,000 டாலராக இருந்தது. 2023-ல் 50 லட்சம் டாலராக்கிவிட்டார்கள். அதோடு உதவித்தொகை, பயணம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் ஏறும். பக்கத்து ஊர்களோடு ஆடும் கான்ஃபரன்ஸில் இடம் கிடைத்தால் யோசிக்கலாம். ஜேம்ஸ் மேடிசனுக்கு 2022-ல் சன் பெல்ட் அப்படித்தான் பொருந்தியது. விமானம் ஏறினால்தான் எதிரணி என்ற நிலை என்றால் வேண்டாம். ஐடஹோ மேலே இருந்து தவித்துவிட்டு 2018-ல் தானாகவே கீழிறங்கி, பழைய பிக் ஸ்கை கான்ஃபரன்ஸுக்குத் திரும்பியது. ஊரில் முணுமுணுப்பு நிறைய. 2022, 2023, 2024 மூன்று பருவமும் அந்த அணி எஃப்.சி.எஸ். ப்ளேஆஃபில் ஆடியது.